சுமைகூலி

ஆனி மாதம்,
சாமி அலமாரியின் கதவு இறுகிக்கொண்டது.
பீல் நகரத்தில் ஒன்பது நாள் மழை.
ஏரி தெருமுனைவரை வந்து எட்டிப் பார்த்துப் போனது.
மரம் குடித்துக் கொழுத்துவிட்டது,
ஒரு மயிரிழை.
அதைச் சீவிவிட்டால் போதும் என்று
பதினான்கு பிராங்குக்கு
ஒரு சீவுளி வாங்கினேன்.

திட்டுவதற்கு முன்
என் தொழிலையும் கொஞ்சம் யோசியுங்கள்.
நாள் முழுக்கக் கண்ணில் வில்லையைச் செருகி
மணிக்கூட்டுப் பற்சக்கரம் பார்ப்பவள் நான்.
மில்லிமீட்டரில் நூறில் ஒன்று பிசகினாலும்
சிவப்புப் பெட்டிக்குள் எறிபவள்.
சீவுளியின் அடித்தட்டை
யன்னலுக்கு நேரே பிடித்தேன்.
நடுவில் ஒரு பிறை ஒளிர்ந்தது.
அலமாரிக்குள் இருப்பவர் பிறையைத்
தலையில் சூடிக்கொள்வார்.
என்னால் முடியாது.

அலகு மொட்டை. ஒரு தீட்டுக்கல்.
தீட்டத் தீட்டக் கல் குழிந்தது.
குழிந்த கல்லை மட்டமாக்க ஒரு வைரத்தகடு.
தகடு வழுக்காமல் பிடிக்க ஒரு மரச்சட்டம்,
சட்டம் அறுக்க ஒரு வாள்.
வாள் ஜப்பானிலிருந்து வந்தது;
சுங்கவரி தனியாக வந்தது.

"கதவைக் கழற்றி
ஒரு தச்சனிடம் கொடுத்தால் என்ன?"
என்றார் ரமணீகரன்.
"நூற்றிருபது கேட்பான், அநியாயம்!" என்றேன்.
அப்போது நான்
முந்நூற்று எழுபதில் நின்றுகொண்டிருந்தேன்.

சமையலறை மேசையில் வைத்துச் சீவினால்
மேசையும் கூடவே நடந்தது.
நிலவறைக்கு இறங்கினேன்.
கட்டடக் காவலர் ஸ்டுக்கி
சட்டத்தைக் கதவில் ஒட்டினார்:
மத்தியானம் ஒரு மணிநேரம் கூடாது,
இரவு எட்டுக்குப் பின் கூடாது,
ஞாயிற்றுக்கிழமை மூச்சும் கூடாது.
ஆகவே மோட்டார் இல்லாதவையாகப் பார்த்து வாங்கினேன்.
சத்தம் போடாத கருவிகளுக்கெல்லாம்
விலைதான் சத்தம் போடுகிறது.

பிறகு பீச் மரத்தில் அந்தத் தச்சு மேசை.
தொகையை இங்கே எழுதமாட்டேன்.
நிலவறை வாசலில் இரண்டு விரற்கடை இடித்தது.
மேசையை அறுப்பதா, வாசலை இடிப்பதா என்று
ஸ்டுக்கியும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
நீடாவில் ஒரு கராஜ் வாடகைக்குக் கிடைத்தது.
கராஜில் குளிர், குளிரில் ஈரம்,
ஈரத்தில் இரும்பு சிவக்கும்.
ஈரமுறிஞ்சி ஒன்று வந்து
மூலையில் பூனைபோல உறுமத் தொடங்கியது.

பூனை என்றதும் நினைவு வருகிறது.
கோவணத்தை எலி கடிக்கிறதென்று
பூனை வளர்த்து, பூனைக்குப் பாலென்று
பசு வாங்கிய சாமியாரைச் சொல்லி
எத்தனை தரம் சிரித்திருக்கிறேன்!
அவருக்குக் கடைசியில்
ஒரு குடும்பமாவது கிடைத்தது.

ஆனால் ஒன்றை மறைக்கமாட்டேன்.
மார்கழியில் ஓரிரவு,
நான்காவது சீவுளி
(முதல் மூன்றும் எதற்கு என்று கேளாதீர்கள்)
ஒரு செர்ரிப் பலகையின்மேல்
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
நிற்காமல் போனது.
உஸ்ஸ் என்று ஒரே மூச்சு.
வாயிலிருந்து சுருண்டு எழுந்த சீவல்
வெங்காயத்தோலைவிட மெல்லிசு.
அதற்குள்ளால் என் விரல்ரேகை தெரிந்தது.
மறுநாள் ஆரபி அதைக் காப்பாகச் சுற்றிக்கொண்டு
பள்ளிக்கூடம் போனாள்.
மாலையில் முழுசாகத் திரும்பி வந்தது.

தைப்பொங்கல் விடிய
எல்லாம் தயார்.
தீட்டிய அலகு, மெழுகிட்ட அடித்தட்டு, நான்.
அலமாரிக்கு முன் போய் நின்றேன்.
வெளியே மூன்று நாளாகப் பீஸ் காற்று,
உதடு வெடிக்கும் வறட்சி.
தொடுமுன்னே கதவு
தானாகத் திறந்தது.

ரமணீகரன் வந்தார்.
மூடினார். திறந்தார். மூடினார்.
வழிவிட்டு நின்ற கதவு
திரும்பவும் மெல்லத் திறந்துகொண்டது.
ஒரு மயிரிழை இடைவெளி.
அவர் ஒன்றும் பேசவில்லை.
பொங்கல் பானையைப் பார்க்கப் போய்விட்டார்.

செர்ரிச் சீவலில் ஒரு துண்டு கிள்ளி
இரண்டாய் மடித்து
நிலைக்கும் கதவுக்கும் நடுவே செருகினேன்.
நின்றது.

ஆனிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.
அலகில் எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன்.